பழைய புரோகிராமும் புதுக் கம்ப்யூட்டரும்

(மூன்றாம் ஆண்டு, கணினித் துறை மாணவன்)



போன விடுமுறையில் கோவைப் பக்கம் ஒரு பவுண்டரிக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே ஃபோர்மேன் கூப்பிட்டார். "ஏந்தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கறவன்தானே? அந்தப் பழைய பொட்டி செத்துப் போச்சு. உள்ள இருக்கறத எடுத்துக் குடுக்க முடியுமா?"

உள்ளே இருந்தது டர்போ பாஸ்கலில் எழுதிய ஒரு டாஸ் புரோகிராம். எந்த வார்ப்புக்கு எத்தனை கிலோ பிக் அயர்ன், எத்தனை கிலோ ஸ்கிராப் போட்டால் கார்பனும் சிலிக்கனும் சரியாக வரும் என்று கணக்குப் போடும். ஒவ்வொரு பார்ட்டிக்கும் உரிய கலவை அதன் டேட்டா ஃபைலில். அந்த ஃபைலைத் திறக்க வேறு எதுவும் கிடையாது. எழுதியவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சோர்ஸ் கோடும் இல்லை.

ஹார்டு டிஸ்க் நல்ல வேளையாகப் பிழைத்திருந்தது. யுஎஸ்பி கேபிள் மாட்டி, முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். (இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.) பிறகு புதுக் கம்ப்யூட்டரில் டபுள் கிளிக் செய்தால், இந்தக் கணினியில் இது ஓடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

நம்மில் பலர் உடனே கம்பாட்டிபிலிட்டி மோடுக்குத்தான் போவோம். நானும் போனேன், பலிக்கவில்லை. அது என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலும் புரோகிராமிடம் பொய் சொல்கிறது. "வெர்ஷன் என்ன?" என்று கேட்கிற பழைய புரோகிராமுக்குப் பழைய எண்ணையே சொல்லும். விண்டோஸ் 95-ன் உண்மையான எண் 4.0. ஆனால் 16 பிட் புரோகிராம் கேட்டால் 3.95 என்றுதான் சொல்லும்! வெர்ஷனைத் தப்பாகச் சோதித்த புரோகிராம்கள் அத்தனை இருந்தன.

நம் சிக்கல் அதைவிட ஆழமானது. 1985-ல் வந்த 80386 பிராசஸரில் விர்ச்சுவல் 8086 மோடு என்று ஒன்று உண்டு. 32 பிட் சிஸ்டத்துக்குள்ளேயே ஒரு பழைய 8086 இருப்பதுபோல் நடிக்கும். 32 பிட் விண்டோஸின் என்.டி.வி.டி.எம். அதை வைத்துத்தான் டாஸ் புரோகிராம்களை ஓட்டியது. பிராசஸர் 64 பிட் மோடுக்குப் போய்விட்டால் அந்த வசதி கிடையாது. அதனால் 64 பிட் விண்டோஸில் என்.டி.வி.டி.எம்.மும் இல்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

மிச்சமுள்ள வழி, பழைய கம்ப்யூட்டரையே சாப்ட்வேரில் உண்டாக்குவது. டாஸ்பாக்ஸ் அதைத்தான் செய்கிறது. 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. விளையாட்டுகளுக்காக எழுதியதுதான், நமக்கும் உதவும். நகல் எடுத்த ஃபோல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்தேன். நீலத் திரை வந்தது! ஃபோர்மேன் முகத்தில் சிரிப்பு. ஆனால் கணக்கு ஆமை வேகம். பொறுமையில்லாமல் சைக்கிள்ஸ் என்ற அமைப்பை மேக்ஸ் என்று மாற்றினேன். "ரன்டைம் எரர் 200". புரோகிராம் திறக்கவே இல்லை. கெடுத்துட்டோமோன்னு வயிற்றைக் கலக்கியது.

எரர் 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல். ஆனால் இங்கே பூஜ்யமே கிடையாது என்பதுதான் வேடிக்கை. டர்போ பாஸ்கலின் சிஆர்டி யூனிட், டிலே கொடுப்பதற்காக, தொடங்கும்போதே கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும். டைமரின் ஒரு டிக்கில், அதாவது சுமார் 55 மில்லி செகண்டில், ஒரு லூப் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி அதை 55-ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள், அதாவது 65,535-க்குள் அடங்க வேண்டும். சுற்று 36 லட்சத்தைத் தாண்டினால் அடங்காது. விடை அடங்காவிட்டாலும், பூஜ்யத்தால் வகுத்தாலும், பிராசஸர் எழுப்புவது ஒரே இன்டரப்ட்தான். 1990-களின் பின்பாதியில் 200 மெகாஹெர்ட்ஸ் அளவு பிராசஸர்கள் வந்தபோதே பல புரோகிராம்கள் இப்படி விழுந்தன. புதுக் கம்ப்யூட்டர் ரொம்ப வேகம், அதான் குற்றம்!

டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் என்பது மில்லி செகண்டுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்ஷன் என்ற எண்ணிக்கை. 10,000 என்று வைத்தால் 55 மில்லி செகண்டில் ஐந்தரை லட்சம்தான். 36 லட்சம் சுற்று வர வாய்ப்பே இல்லை. அப்படியே வைத்தேன். திறந்தது. வேகமும் போதுமானதாக இருந்தது. பழைய நோட்டில் எழுதி வைத்திருந்த நாலு கலவைகளைப் போட்டுப் பார்த்தோம், தசமப் புள்ளி வரை ஒத்துப்போயின. அதற்குப் பிறகுதான் ஃபோர்மேன் டீ வாங்கிக் கொடுத்தார்.

பிரின்ட் மட்டும் பாக்கி. புரோகிராம் எல்பிடி போர்ட்டைத் தேடுகிறது, புதுப் பெட்டியில் அந்த போர்ட்டே கிடையாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளையில் எல்பிடிக்குப் போவதை ஒரு ஃபைலில் பிடித்துவிடலாம். அதை அடுத்த லீவில் போய்ச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஃபோர்மேன் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்கிறார்.