தங்கச்சி, உன் காரின் முதுகைப் பார்த்திருக்கிறாயா?

போன வெள்ளிக்கிழமை திருமங்கலம் கல்யாண வீட்டிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். நீ முன்னால், நான் பின்னால். கப்பலூரைத் தாண்டியதும் இருட்டிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். உன் வண்டியின் வலது பக்கச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை, இடது பக்கம் மட்டும் எரிந்தது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அது கார் மாதிரியே தெரியவில்லை. சாலை ஓரமாக யாரோ பைக்கில் போகிறார்கள் என்றுதான் தோன்றியது. பின்னால் வரும் லாரிக்காரரும் அப்படித்தானே நினைப்பார்? பைக்குக்கு எவ்வளவு இடம் விடுவாரோ அவ்வளவுதான் விட்டுவிட்டு வலது பக்கம் ஏறி வருவார். அங்கே உன் வண்டியின் பாதி உடம்பு இருட்டில் இருக்கும். நீயும் பின் சீட்டில் குழந்தைகளும் அதற்குள்ளே.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "டேஷ்போர்டுல ஒண்ணும் காட்டலையேக்கா" என்றாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லா வண்டியும் காட்டாது. பல்பு போனதை உணர்ந்து சொல்லும் வசதி சில வண்டிகளில் உண்டு, சிலவற்றில் இண்டிகேட்டருக்கு மட்டும் உண்டு. இண்டிகேட்டர் திடீரென்று படபடவென வேகமாக அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது என்று வண்டி சொல்கிறது. அந்த மாதிரி வண்டிகளில் பார்க் லைட்டுக்கு அப்படி எந்தச் சத்தமும் வராது. இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இன்னொன்று, இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. இப்போதைய வண்டிகளில் ஸ்டார்ட் செய்ததும் முன்னால் பகல் விளக்கு தானாக எரிகிறது, மீட்டரும் பளிச்சென்று இருக்கிறது. ரிங் ரோட்டில் தெருவிளக்கு வெளிச்சமும் சேர்ந்துவிட்டால் "லைட் எரியுது" என்றே மனசு நம்பிவிடும். ஆனால் பல வண்டிகளில் அந்தப் பகல் விளக்கோடு பின்பக்கம் எதுவும் எரியாது. சுவிட்சைத் திருப்பினால்தான் எரியும். மாட்டுத்தாவணியிலிருந்து கப்பலூர் வரை பின்பக்கம் முழு இருட்டாகப் போகும் புது வண்டிகளை வாரத்துக்கு இரண்டையாவது பார்க்கிறேன். ஆட்டோ நிலையில் சுவிட்சை வைத்திருந்தாலும் சாயங்காலத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்.

சரி, பின்னால் என்னதான் இருக்கிறது? டிக்கியைத் திற. விளக்கு இரண்டு துண்டாகப் பிரிவதைப் பார்ப்பாய். ஒன்று வண்டி உடம்போடு நிற்கும், இன்னொன்று கதவோடு மேலே போகும். அழகுக்காக மட்டும் பிரிக்கவில்லை. டிக்கி திறந்திருக்கும்போதும் பின்னால் வருபவருக்குச் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். விளக்கு முழுவதையும் கதவிலேயே வைத்த ஆடி கியூ5 போன்ற வண்டிகளில், கதவைத் தூக்கியதும் எரிவதற்கென்றே பம்பரில் தனியாக விளக்கு கொடுத்திருக்கிறார்கள். சாலையோரத்தில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி எடுக்கும் நேரத்தை நினைத்துப் பார், அதன் அருமை புரியும்.

பல்பு வைத்த வண்டியில் பார்க் லைட்டும் பிரேக் லைட்டும் பெரும்பாலும் ஒரே பல்புதான். உள்ளே இரண்டு இழை. 5 வாட் இழை பார்க் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. கடையில் "ரெண்டு பாயின்ட் பல்பு" என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் பக்கவாட்டில் இரண்டு சிறிய முனை இருக்கும், ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும். தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. பலவந்தமாகத் திருப்பி மாட்டினால் பார்க் லைட் பிரகாசமாகவும் பிரேக் மங்கலாகவும் எரியும். எரியாமல் இருப்பதை விட அது மோசம், பின்னால் வருபவர் நீ பிரேக் பிடித்ததையே அறியமாட்டார்.

புது மாடல்களில் எல்.இ.டி. வந்துவிட்டது. நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டாவில் 2024 ஜனவரியிலும், டாடா நெக்ஸானில் 2023 செப்டம்பரிலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளும் சிவப்புப் பட்டை வந்தது. எல்.இ.டி.யில் எனக்குப் பிடித்தது அதன் வேகம். இழை பல்பு சூடாகி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும், எல்.இ.டி. உடனே எரியும். நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அந்த 0.2 வினாடி என்பது ஐந்தரை மீட்டர். உன் வண்டியின் நீளத்தை விட அதிகம். குறை என்னவென்றால், பெரும்பாலும் உள்ளே மாற்றப் பல்பு கிடையாது, போனால் அந்தப் பெட்டியையே மாற்ற வேண்டும். அதனால் எல்.இ.டி. விளக்கு எரியவில்லை என்றால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் ஃபியூஸையும் கப்ளரையும் பார்.

கழற்றும் முன் ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பது நல்லது. எல்லாமே எரியவில்லையா, ஃபியூஸ் பக்கம் போ. சில வண்டிகளில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருக்கும், மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும். ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்பு, இல்லாவிட்டால் ஹோல்டர். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மினுக்கினால், ஒன்று எரிய வேண்டிய இடத்தில் இன்னொன்றும் மங்கலாக எரிந்தால், அது எர்த் கோளாறு. பல்பை மாற்றி மாற்றிப் போட்டாலும் தீராது. வண்டி பல நாள் ஓடாமல் வயல் பக்கத்து வீட்டில் நின்றிருந்தால் எலியையும் சந்தேகப்படு. சோழவந்தானில் சித்தி வீட்டில் நிறுத்திய வண்டிக்கு அதுதான் நடந்தது. டிக்கி மேட்டுக்கு அடியில் ஒயரை நறுக்கி வைத்திருந்தது.

இனி கழற்றும் வேலை. காலை ஏழு மணிக்குள் செய். சித்திரை, வைகாசி வெயிலில் பல வருஷம் நின்ற பிளாஸ்டிக் கிளிப் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், தொட்டாலே ஒடியும். மத்தியானத்தில் பெயின்ட் மேல் கையே வைக்க முடியாது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள். இப்போதுதான் ஓட்டி வந்தாய் என்றால் பல்பு ஆறட்டும். பம்பர் மேல் பழைய போர்வை ஒன்றை விரி. விளக்கைச் சுற்றியுள்ள பெயின்ட் ஓரத்தில் காகித டேப் ஒட்டு. விளக்குக்குக் கீழே இருக்கும் சந்தில் ஒரு துணியைத் திணித்துவிடு, கை தவறி விழும் ஸ்க்ரூ பம்பருக்குள் போனால் அதை எடுக்கப் பம்பரையே கழற்ற வேண்டிவரும்.

டிக்கியைத் திறந்தால், விளக்கின் உள்பக்க ஓரத்தில், கதவு வந்து மூடும் இடத்தில், பெரும்பாலான வண்டிகளில் மேலும் கீழுமாக இரண்டு ஸ்க்ரூ தெரியும். சிலவற்றில் அதன் மேல் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். 10-ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், ஸ்டார் திருப்புளி இரண்டும் கையில் இருந்தால் போதும். டிக்கியின் உள்பக்கப் பலகைக்குப் பின்னால் நட்டு வைத்த மாடலும் உண்டு, வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பல்பு மாற்றும் பக்கத்தை முதலில் படித்துவிடு.

இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்த பிறகும் விளக்கு அசையாது. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். லாரியில் சிவப்புக் கண்ணாடி மேலேயே ஸ்க்ரூ இருக்கும், எடுத்ததும் கையோடு வந்துவிடும். அப்பாவின் லாரியில் பார்த்துப் பழகிய நான், என் முதல் எஸ்.யூ.வி.யில் இன்னும் எங்கோ ஸ்க்ரூ இருக்கிறது என்று தேடினேன். ஒரு பட்டறையில் கொடுத்தேன், அவர்கள் பெரிய திருப்புளியை ஓரத்தில் விட்டு நெம்பினார்கள். பெயின்ட் பெயர்ந்தது, விளக்கின் காது ஒடிந்தது. பிறகு அந்த ஒடிந்த துண்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். வெளிப்பக்க ஓரத்தில், டயர் பக்கமாக, ஒன்றிரண்டு உருண்டைத் தலை முனைகள் விளக்கின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அவை வண்டி உடம்பில் இருக்கும் ரப்பர் குழியில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். பட்டன் வைத்த சட்டை மாதிரி. பக்கவாட்டில் இழுத்தால் வராது, வண்டியின் நேர் பின்புறமாக இழுக்க வேண்டும். இரண்டு கையாலும் விளக்கை அகலமாகப் பிடித்து, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று அசைத்து அசைத்து நேராக இழு. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒடிந்துவிட்டதோ என்று பயப்படாதே, அது முனை குழியை விட்டு வெளியே வரும் சத்தம்.

வந்ததும் விளக்கைத் தொங்க விடாதே. ஒயர் அதன் எடையைத் தாங்காது. போர்வை மேல் படுக்க வை. கப்ளரில் ஒரு சின்ன லாக் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு கப்ளரின் உடம்பைப் பிடித்து இழு, ஒயரைப் பிடித்து இழுக்காதே. சிவப்போ மஞ்சளோ நழுவும் லாக் கூடுதலாக இருந்தால் முதலில் அதைத் தள்ள வேண்டும். பல்பு ஹோல்டரை இடது பக்கம் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். முனை வைத்த பல்பை அழுத்தித் திருப்பி எடு. முனையில்லாத கண்ணாடி அடி பல்பை நேராக உருவு. ஹோல்டர் கருகியிருந்தாலோ பித்தளையில் பச்சை பூத்திருந்தாலோ புது பல்பு போட்டும் பயன் இல்லை, ஹோல்டரையும் மாற்று. இண்டிகேட்டரின் மூடி நிறமில்லாமல் இருந்தால் ஆரஞ்சு பல்புதான் போட வேண்டும். கடைக்காரர் "எல்.இ.டி. போட்டுக்கங்க, பளிச்சுனு இருக்கும்" என்றால் வேண்டாம் என்று சொல். அது மின்சாரம் குறைவாக எடுப்பதால் பல்பு போய்விட்டதென்று வண்டி எண்ணிக்கொண்டு இண்டிகேட்டரை வேகமாக அடிக்கும்.

விளக்கின் பின்னால் ஓரமாக ஒட்டியிருக்கும் பஞ்சு பட்டையை மறக்காதே. அது கிழிந்தால் மழைத் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். 2024 அக்டோபர் கடைசியில் ஒரே மத்தியானத்தில் கொட்டிய மழையில் செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்த வாரத்தில் எத்தனையோ விளக்குக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். லேசான பனிமூட்டம் மாதிரி இருந்தால் கவலை இல்லை, விளக்கு எரிந்து சூடானதும் போய்விடும். தண்ணீர் கீழே தேங்கி நின்றால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதற்காகச் சுற்றிலும் சிலிக்கான் பூசிவிடாதே, காற்றுத் துளையும் சேர்ந்து அடைபட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வராது. கண்ணாடி போலத் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக், தின்னரும் பெட்ரோலும் பட்டால் வெடிப்பு விழும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். விரிசல் வழியாக வெள்ளை வெளிச்சம் கசிந்தால், புது விளக்கு வரும்வரை சிவப்பு டேப் ஒட்டி வை.

விளக்கின் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் ஆசையை உன் வீட்டுக்காரரிடம் நான் சொன்னேன் என்று சொல்லி நிறுத்து. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடு, நான்குவழிச் சாலையில் மழையில் அந்த விளக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று ஒரு தடவை நின்று பார்க்கச் சொல்.

திரும்ப மாட்டும்போது முதலில் கப்ளர். பிறகு, விளக்கைப் பொருத்துவதற்கு முன்பே, பார்க், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாவற்றையும் போட்டுப் பார். முனைகளைக் குழிக்கு நேராக வைத்து உள்ளங்கையால் தள்ளு, ஸ்க்ரூவைக் கையால் முதலில் சுற்றி அப்புறம் ஸ்பேனரால் அளவாக இறுக்கு. பலமாக முறுக்கினால் பிளாஸ்டிக் காது பிளக்கும்.

கதவோடு போகும் துண்டை நீ தொட வேண்டாம். அதற்கு உள்பக்கப் பலகை முழுவதையும் கிளிப் கிளிப்பாகப் பிரிக்க வேண்டும், நீளப் பட்டை வைத்த வண்டியில் அது இன்னும் பெரிய வேலை. வாரன்ட்டி இருந்தால் சர்வீஸ் சென்டருக்கே போ. எங்கே கொடுத்தாலும் ஒயரை நறுக்கி முறுக்க மட்டும் விடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறரைக்கு வந்துவிடு. ஸ்பேனரும் ரெண்டு பாயின்ட் பல்பும் நான் எடுத்து வைக்கிறேன். நீ போர்வையும் வண்டிப் புத்தகமும் மட்டும் கொண்டு வா. அதுவரை இருட்டின பிறகு வண்டியை எடுக்காதே.