ஃபார்மட் போடுவதற்கு முன்னால்...



ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னதும் கவிதை எழுதத்தான் ஆசை வந்தது. வராத கவிதையை விட, பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் உங்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன். லேப்டாப்பில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது?

போன ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல். அக்கா தந்த பழைய லேப்டாப்பில் உள்ளே இருந்த வைஃபை செத்துப்போனதால், தென்காசிக்குப் போய் விரல் நுனி அளவு அடாப்டர் ஒன்று வாங்கி வந்து செருகினேன். ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை. "சாரல் நேரம்லா, ஈரத்துல சிக்னல் எடுக்காதுல" என்றான் நண்பன். மறுநாள் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஃபார்மட் போட்டுருவோம் தம்பி, எல்லாம் சரியாயிரும்" என்றார் அண்ணாச்சி.

"போடுங்க" என்று வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. கோடையில் நாங்கள் நாலு பேர் போன தொழிற்பயிற்சியின் ரிப்போர்ட், படங்கள் எல்லாம் அதில்தான். வேறு காப்பி கிடையாது! "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று திரும்பிவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். தேனருவி, செண்பகாதேவி, மெயின் அருவி என்று தண்ணீர் படிப்படியாக இறங்கி வருகிறது. கீழே வரவில்லை என்றால் எந்தப் படியில் நின்றது என்று பார்க்க வேண்டாமா? அடாப்டருக்கும் நாலு படிகள் உண்டு.

முதல் படி: கம்ப்யூட்டருக்கு அடாப்டர் தெரிகிறதா?

டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அடாப்டரைச் செருகி எடுங்கள். பட்டியல் மாறினால் உயிர் இருக்கிறது. மாறாவிட்டால் வேறு போர்ட், பிறகு வேறு கம்ப்யூட்டர். எங்கும் மாறவில்லை என்றால்தான் அடாப்டர் அவுட். லினக்ஸ் வைத்திருப்போர் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையால் இதைப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: என்னவாகத் தெரிகிறது?

எனக்கு விடை இங்கேதான் கிடைத்தது. புதிதாக ஒரு சிடி டிரைவ் வந்திருந்தது. என் லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது! நெட் வர டிரைவர் மென்பொருள் வேண்டும். டிரைவரை இறக்க நெட் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, சில அடாப்டர்கள் முதலில் சிடி போல நடித்துத் தம் வயிற்றில் உள்ள டிரைவரைக் காட்டும். அதை நிறுவியதும் சிடி வேஷம் கலைந்து வைஃபை ஆகிவிடும். அப்படியே ஆனது, ஐந்தே நிமிஷம்!

சிடி வராவிட்டால், போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் மூலம் நெட் எடுக்கலாம். டிவைஸ் மேனேஜரில் விஐடி, பிஐடி என்று நான்கு இலக்க ஹெக்ஸாடெசிமல் எண்கள் இரண்டு இருக்கும். அட்டைப்பெட்டியில் உள்ள பெயரை விட இவற்றை நம்பி டிரைவர் தேடுங்கள்.

மூன்றாம் படி: அலை வருகிறதா?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. மழைத்துளியோ சில மில்லிமீட்டர்தான். ஆகவே வீட்டுக்குள் வைஃபையைச் சாரல் மறைக்காது. தடித்த சுவரும் இரும்பு பீரோவும்தான் மறைக்கும். 2005-ல் இந்திய அரசு இந்த அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்றது. அதனால் யாரும் பயன்படுத்தலாம், நெரிசலும் உண்டு. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். சீசனில் லாட்ஜ்கள் நிறைந்த தெருவில் வேகம் குறைந்தால், பழி மழைக்கு அல்ல, கூட்டத்துக்கு!

இன்னொன்று: யூஎஸ்பி 3.0 கருவிகள் இதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்று 2012-ல் இன்டெல் விளக்கியது. பக்கத்துப் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அடாப்டரை நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

நான்காம் படி: முகவரி கிடைத்ததா?

இணைந்தும் நெட் வரவில்லை என்றால் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுங்கள். 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், ரௌட்டர் முகவரி தரவில்லை என்று பொருள். சரியான முகவரி வந்தால் ரௌட்டருக்கு 'பிங்' அனுப்புங்கள். பதில் வந்துவிட்டால் உங்கள் அடாப்டர் நிரபராதி. கோளாறு ரௌட்டரிலோ அதற்கு அப்பால் உள்ள லைனிலோதான்.

நண்பர்களே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். இரண்டை மாற்றிச் சரியானால் எது மருந்து என்று தெரியாமலே போய்விடும். ஃபார்மட் கடைசி வைத்தியம். அதுவும் காப்பி எடுத்த பிறகுதான்.

எங்கள் ரிப்போர்ட் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. இப்போது அது நாலு பேர் பென்டிரைவிலும் இருக்கிறது. அண்ணாச்சி மீது எனக்கு வருத்தம் இல்லை. லேப்டாப்புக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவன் நான் அல்லவா!



— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை