பிளே ஸ்கூலில் சேர்க்கும் முன்...

இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

* பள்ளி நடக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா? மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா? தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா?

* ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள், ஆயாம்மா எத்தனை பேர், வீடு திரும்பும்போது பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்று கேளுங்கள்.

* 'ஒண்ணுக்கு வருது', 'தண்ணி வேணும்', 'வலிக்குது' என்று சொல்லப் பழக்குங்கள். எலாஸ்டிக் வைத்த டவுசர், தானே திறக்க முடிகிற டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்புங்கள்.

* முதல் சில நாள் அழத்தான் செய்வார்கள். கண்ணில் படாமல் நழுவிவிடாதீர்கள். 'சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்' என்று சொல்லி டாட்டா காட்டுங்கள். சொன்னபடி வந்து நில்லுங்கள்.

* பென்சில் பிடித்து எழுத அவசரப்படுத்தும் பள்ளி வேண்டாம். இந்த வயதுக்குக் கதையும் பாட்டும் மணல் விளையாட்டும்தான் பாடம்.

* பக்கத்து அங்கன்வாடியையும் பாருங்கள். அங்கே முன்பருவக் கல்வி இலவசம். மதியச் சாப்பாடும் உண்டு.

பள்ளியின் பெயரைவிட, பிள்ளை அங்கே பயமில்லாமல் இருக்கிறதா என்பதே முக்கியம்.