ஏலக்காய் ஏறிய கப்பல் எது?

வண்டன்மேட்டிலும் குமுளியிலும் ஏலக்காய் வாங்கி அனுப்பும் ஏற்றுமதியாளரும், வாளையாறு, பாலக்காடு வழியே துணிப்பொதிகளை இறக்கும் கோவை வணிகர் பலரும் நாடுவது கொச்சித் துறைமுகத்தை. அங்கு ஏறும் பெட்டகங்களில் பல, நேரே பெருங்கப்பலுக்குச் செல்வதில்லை. ஃபீடர் எனப்படும் சிறு கப்பல் அவற்றைக் கொழும்பு போன்ற துறைமுகத்தில் சேர்க்க, அங்கே அவை பெருங்கப்பலுக்கு மாறுகின்றன.

அந்த ஃபீடர் கப்பலைப் பெயரை மட்டும் கொண்டு தேடுதல் கூடாது. ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு. உரிமையாளர் மாறினால் பெயரும் கொடியும் மாறக்கூடும். கப்பலின் ஆயுள் முழுதும் மாறாதது, ஐ.எம்.ஓ. எண் எனப்படும் ஏழு இலக்க எண்ணே.

1997-இல் கட்டப்பட்ட, 184 மீட்டர் நீளமுள்ள எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் எண் 9123221. இதன் முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 63+6+10+12+6+4 = 101. விடையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாம் இலக்கமும் 1. இவை பொருந்தாவிடில், ஆவணத்தில் எண் பிழையாக ஏறியிருக்கிறது என்று கொள்க. பேனாவும் காகிதமும் போதும். ஒரு நிமிட வேலை.

எண் சரியெனில் கப்பலைத் தொடர்வது எளிது. ஏ.ஐ.எஸ். என்னும் வானொலிக் கருவி கப்பலின் இருப்பிடத்தையும் வேகத்தையும் தானே அறிவித்துக்கொண்டிருக்கும். சேருமிடம், சேரும் நேரம், நீரில் அமிழ்ந்துள்ள ஆழம் ஆகியவற்றை மாலுமிகளே கையால் பதிகின்றனர். ஆதலால் அவை பழைய விவரமாகவும் இருக்கலாம்.

மேற்கூறிய எல்சா 3, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வரும் வழியில் 2025 மே 24 அன்று ஒருபுறம் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலிலிருந்த பெட்டகங்கள் 640.

கடனுறுதிக் கடிதத்தின் பேரில் விற்ற ஏற்றுமதியாளருக்கு இத்தகைய வேளையில் கைகொடுப்பது ஆவணமே. வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அன்று. சரக்கு கடலில் போனாலும், கடிதத்தின் நிபந்தனைகளுக்கு ஆவணங்கள் இணங்கியிருந்தால் கடிதம் வழங்கிய வங்கி பணம் தரக் கடமைப்பட்டது. கப்பல் ரசீதில் ‘உத்தேசக் கப்பல்’ என்று மட்டும் இருந்தால் அது போதாது. சரக்கு உண்மையில் ஏறிய கப்பலின் பெயரும் ஏற்றிய தேதியும் குறிக்கப்பட வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 21 நாளுக்குள், கடிதம் காலாவதியாகுமுன், ஆவணங்களை வங்கியில் சேர்க்க வேண்டும். கடிதத்திலேயே வேறு கெடு குறித்திருந்தால் அதுவே செல்லும். கடனுறுதிக் கடிதம் இன்றி, நம்பிக்கையின் பேரில் அனுப்பியவருக்கு இந்தக் காப்பு இல்லை; அவர் காப்பீட்டையும் வாங்குபவரின் நாணயத்தையுமே நம்பியிருக்க வேண்டும்.

இன்னொன்று: திரையில் தெரிவது கப்பல், உங்கள் பெட்டகம் அன்று. ஃபீடர் கொழும்பை அடைந்த பின்னும் பெட்டகம் அங்கேயே அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கலாம். அதனை அறிய, நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பெட்டக எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பார்க்க வேண்டும்.