பொற்கொல்லன் சொல்லும் காவலர் ஐயமும்

கோவலன் கொலையுண்டமைக்குக் காரணம் பாண்டியன் ஆராயாமையே என்று வகுப்பறையில் கூறி அமைகிறோம். அது முழு விடையன்று. அரசன் ஆணைக்கும் காவலன் வாளுக்கும் இடையே நிகழ்ந்ததைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நுட்பமாகக் காட்டுகிறது. அப்பகுதியை இக்காலக் குற்றவியல் நீதியோடு இயைத்துக் காண்போம்.

காவலரின் ஐயம்

கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். அவனே கோவலனைக் கள்வனெனக் காட்டிக் கொடுக்கிறான். தேவியின் ஊடல் தணிக்க விரையும் மன்னன், சிலம்பு கையில் இருப்பின் கொன்று கொணர்க எனப் பணிக்கிறான். கோவலனை நேரிற்கண்ட காவலரோ, இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்றே கருதுகின்றனர். உடனே பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டனை விரித்துரைக்கிறான். காவலர் தயங்கி நிற்கையில் அறிவற்ற களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஈண்டு இரண்டு குறைகள் நோக்கற்பாலன. காவலர் உள்ளத்தில் ஐயம் எழுந்தது. ஆனால் அது அரசன் செவியை எட்டவில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் சான்று கையிலேயே இருந்தது. ஆனால் அது உயிர் போன பின்னரே உடைத்துப் பார்க்கப்பட்டது. மன்னனின் அவசரத்தோடு காவலரின் மௌனமும் சேர்ந்தே கோவலனைக் கொன்றது எனலாம்.

மதீனத்து வழக்கு

இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்றைத் திருக்குர்ஆன் விரிவுரையாளர் பலர் எடுத்துரைப்பர். மதீனாவில் கவசம் ஒன்றைத் திருடியவன், பழியை யூதர் ஒருவர்மேல் சுமத்தினான். அவன் குலத்தார் அவனுக்காகப் பரிந்து பேசினர். அவ்வேளையில் அருளப்பெற்றனவே நான்காம் அத்தியாயத்தின் 105 முதலான வசனங்கள் என்பர். வஞ்சகர்க்காக வாதிடலாகாது என்பதும், தன் குற்றத்தை நிரபராதிமேல் ஏற்றுவது பெரும்பாவம் என்பதும் அவற்றின் கருத்து. தம்மவன் குற்றவாளியாயிருப்பினும், பிற சமயத்தவர் நிரபராதியாயிருப்பினும் உண்மை ஒன்றே என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

இன்றைய சட்டம்

இந்நெறியே இன்று சட்ட வடிவம் பெற்றுள்ளது. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது; 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அவ்விதியைக் காக்கிறது. புலன்விசாரணை செய்யும் அதிகாரி நாள்தோறும் வழக்கு நாட்குறிப்பு எழுதுதல் வேண்டும். அரசு வழக்கறிஞர் எவ்வாறேனும் தண்டனை பெற்றுத்தர முனைபவர் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவர்க்குச் சாதகமானவற்றையும் மன்றத்தின்முன் வைக்கக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தெளிவுறுத்தியது.

இவை வழுவினால் விளைவது யாது? 2002-இல் குசராத்தின் அக்சர்தாம் கோயில் தாக்கப்பட்டு 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொடா சட்டத்தின்கீழ் வழக்கு நடந்தது. அச்சட்டம் உயர் காவல் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. மூவர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாக்குமூலங்களை ஏற்க மறுத்து, புலன்விசாரணையைக் கடிந்து, தண்டனை பெற்ற அறுவரையும் விடுவித்தது. சிறையில் கழிந்த ஆண்டுகளை யார் மீட்டுத் தருவார்? உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கும் அங்கு நீதி கிட்டவில்லை. பொய்யான விசாரணை இரு சாராரையும் ஒருங்கே வஞ்சிக்கிறது.

பொறுப்பேற்றல்

அதே 2014 சனவரியில் உச்ச நீதிமன்றம் பிறிதொரு வழக்கில் அரிய ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. விடுதலைத் தீர்ப்பு ஒவ்வொன்றையும் காவல்துறை, அரசு வழக்கு நடத்தும் துறை ஆகியவற்றின் மூத்த அலுவலர் அடங்கிய நிலைக்குழு ஆராய வேண்டும். தவறிழைத்தவர்மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அது. நிரபராதி அலைக்கழிக்கப்பட்டிருப்பினும், குற்றவாளி தப்பியிருப்பினும் அதற்கு விடை கூறுவோர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

பாண்டியன் தன் பிழையை அவையறிய ஒப்பினான், உயிரும் நீத்தான். பொறுப்பேற்றலுக்கு அதனினும் உயர்ந்த சான்று அரிது. எனினும் கோவலன் எழவில்லை. மதுரை எரியாதிருக்கவும் இல்லை. பிழைக்குப்பின் வரும் பொறுப்பினும் பிழைக்குமுன் வரும் நேர்மையே மேலானது.

நம் மாணவருள் சிலர் நாளை காவல்துறையில் சேர்வர்; சிலர் சட்டம் பயின்று அரசு வழக்கறிஞராவர். அவர்கட்கு நாம் கூறவிழைவது ஒன்றே: உள்ளத்தில் ஐயம் எழுந்தால் அதை எழுதுக, மேலோர்க்கு உரைக்குக, மன்றத்தில் மறையாது வைக்குக. அன்று அக்காவலருள் ஒருவன் அரண்மனைக்குத் திரும்பிச் சென்றிருப்பின், சிலம்பு உரிய நேரத்தில் உடைக்கப்பட்டிருக்கும்.