இந்தி படிக்கத் தொடங்கும் சிறுவர்க்கு எந்நூல் ஏற்றது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

ஒரு மொழியைப் பேசக் கற்பது வேறு. அதன் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்பது வேறு. இரண்டாவதற்கு நல்ல நூல் துணை வேண்டும். தமிழ்ச் சிறுவர் இந்தி படிக்கத் தொடங்கும்போது எத்தகைய நூலைக் கொடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1968 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் ஆகிய இருமொழிக் கொள்கையே நடைமுறையில் உள்ளது. 1937 முதல் 1940 வரையிலும், மீண்டும் 1965-லும் நடந்த போராட்டங்கள் கட்டாயத்தை எதிர்த்து எழுந்தவை. விரும்பிக் கற்பதற்கு அன்றும் இன்றும் தடையில்லை. 1918-ல் காந்தியடிகளின் முயற்சியால் சென்னையில் தோன்றிய தட்சிண பாரத இந்தி பிரசார சபா, பரிச்சய், பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா எனப் படிப்படியாகத் தேர்வுகளை நடத்தி வருகிறது. எங்கள் திருவேங்கடம் போன்ற ஊர்களில், பள்ளி விட்டபின் தனி வகுப்பில் சேர்ந்தே சிறுவர் இந்தி கற்கின்றனர்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கரிசல் காட்டிலும் தீப்பெட்டி வேலையிலும் உழைக்கும் பெற்றோர் கட்டணம் கட்டி அனுப்புகின்றனர். ஆனால் பிள்ளை கையில் உள்ள நூல் நல்லதா என்று பார்த்தறிய அவர்களால் இயலாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் இதை நன்கு அறிவேன். எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் தேர்வுக்குரிய வினா விடைகளை மூச்சு விடாமல் ஒப்பித்தான். அவற்றுள் ஒரு சொல்லை மட்டும் தனியே தாளில் எழுதிக் காட்டினேன். அவனால் படிக்க முடியவில்லை. சான்றிதழ் வந்துவிடும், படிப்பு வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு நூலே ஆசிரியராக அமைய வேண்டும். ஆகவே தேர்வு செய்வதில் கவனம் தேவை.

முதலாவது, இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுள்ள நூலைச் சிறுவர்க்குக் கொடுக்கலாகாது. பேச்சுப் பழக விரும்பும் பெரியவர்களுக்கு அது ஓரளவு உதவலாம். தமிழில் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம எனப் பத்து எழுத்துகள் நிற்கும் இடத்தில் இந்தியில் இருபத்தைந்து எழுத்துகள் உள்ளன. பழம், நொடி, வலிமை ஆகிய மூன்றையும் குறிக்கும் மூன்று இந்திச் சொற்களையும் நாம் ‘பல்’ என்றே எழுத நேரும். உணவும் ‘கானா’, பாட்டும் ‘கானா’ ஆகிவிடும்! மேலும், பக்கத்தில் தமிழ் இருந்தால் பிள்ளையின் கண் அதையே நாடும். புது எழுத்தைப் பாராது.

இரண்டாவது, எளிய எழுத்திலிருந்து அரிய எழுத்துக்குச் செல்லும் நூல் வேண்டும். உயிர்க்குறி இல்லாத சிறு சொற்கள் முதலில் வரட்டும்: கர் (வீடு), நல் (குழாய்), ஜல் (நீர்). க, ம, ல என மூன்று எழுத்தை எழுதிக் ‘கமல்’ என்று படிக்கும் வழக்கம் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிது. நமக்குப் புள்ளி உண்டு. அங்கே சொல்லின் கடைசி அகரம் புள்ளியின்றியே ஒலியிழக்கும். இது பழகிய பின்னரே குறிகள் வர வேண்டும். இகரக் குறி மெய்க்கு முன்னே நிற்பது கண்டு பிள்ளை அஞ்ச வேண்டியதில்லை. ‘கெ’, ‘கை’ எழுதிப் பழகிய கைதானே! ‘புஸ்தக்’, ‘வித்யாலய்’ போன்ற கூட்டெழுத்துச் சொற்கள் இறுதியில் வருவதே முறை.

மூன்றாவது, ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வரும் கதை நன்று. இந்தியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. வீடு ஆண்பால், புத்தகம் பெண்பால். இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிடக் கதையில் பத்து முறை படித்தால் எளிதில் படியும். எழுத்து பெரிதாகவும், படம் வாக்கியத்தின் பொருளைக் காட்டுவதாகவும் இருத்தல் வேண்டும்.

இத்தகைய நூல்கள் இல்லாமல் இல்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2008-ல் வெளியிட்ட ‘பர்க்கா’ வரிசையில், நான்கு படிநிலைகளில் நாற்பது சிறு நூல்கள் உள்ளன. 1957-ல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், ஒரே சிறுவர் நூலைத் தமிழிலும் இந்தியிலும் வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில், நிலை வாரியாகப் பிரித்த கதைகளைக் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே படிக்கலாம். கதையை முதலில் தமிழில் படிக்கச் செய்து, பின் அதையே இந்தியில் கொடுப்பது நல்ல வழி. பொருள் முன்பே தெரிவதால் பிள்ளையின் முயற்சி முழுவதும் எழுத்தின்மேல் நிற்கும்.

இந்தி அறியாத பெற்றோரும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நூலின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்நூல் இப்போதைக்கு வேண்டாம். ஒரு படி எளிதானதைக் கொடுங்கள். பின்பு, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அது படிப்பு. முடியாவிட்டால் வெறும் ஒப்பிப்பு.

தாய்மொழியைத் தடையின்றிப் படிக்கும் பிள்ளையே பிறமொழி எழுத்தையும் விரைவில் கைக்கொள்ளும். ஆதலின் தமிழ் வாசிப்பு முதலில் உறுதிப்படட்டும். ஊர்ப்புற நூலகங்களில் சிறுவர் பகுதி ஒன்று அமைத்து, ஒரே கதையின் தமிழ், இந்தி நூல்களை அருகருகே வைத்தால், பஸ் ஏறி வெளியூர் சென்று நூல் வாங்க இயலாத பெற்றோர்க்குப் பேருதவியாகும். கற்ற இளைஞராகிய நாம் மாலையில் ஒரு மணி நேரம் அங்கே அமர்ந்து பிள்ளைகள் படிக்கக் கேட்போமாக!