மண்ணுக்குள் இருக்கும் சாட்சி

ஸ்பெயின் நாட்டின் நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். கிரீனிச் தீர்க்கரேகை அதன் கிழக்கு ஓரத்தில் செல்கிறது. நாட்டின் பெரும்பகுதி அக்கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே மாட்ரிட் கடிகாரம் இலண்டன் கடிகாரத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஆனால் அது ஒரு மணி முந்தி, பெர்லினோடு சேர்ந்து ஓடுகிறது. 1940 மார்ச்சில் பிராங்கோவின் அரசு ஆணையிட்டு முள்ளை முன்னே தள்ளியது. அது பின்னர்த் திருப்பி வைக்கப்படவேயில்லை. பிராங்கோ 1975இல் மாண்டான். அவன் வைத்த மணியில்தான் அந்நாடு இன்றும் உண்டு உறங்குகிறது.

கடிகாரம் சிறிய செய்தி. நான் எழுத எண்ணியது புதைகுழிகளைப் பற்றி.

1936 ஜூலையில் குடியரசை எதிர்த்துத் தளபதிகள் கலகம் செய்தனர். 1939 ஏப்ரலில் பிராங்கோ வென்றான். அவன் முழுப் பாசிஸ்டா, வெறும் இராணுவச் சர்வாதிகாரியா என்று வரலாற்றாசிரியர் இன்னும் வாதிடுகின்றனர். சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவனுக்கு அந்த வேறுபாடு தெரிந்திராது. குடியரசுத் தரப்பாரும் கொலை செய்தனர். பாதிரிமார் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் வென்றவர் தம் பக்கத்து உடல்களைத் தேடி எடுத்து மரியாதையுடன் அடக்கம் செய்தனர். தோற்றவர் உடல்களோ சாலையோரப் பள்ளங்களிலேயே கிடந்தன. 2008இல் நீதிபதி பல்தசார் கார்சோன் தம் ஆணையில் குறித்த கணக்கின்படி, காணாமற் போனவர் 1,14,226 பேர்.

மாட்ரிட்டுக்கு அருகே மலையைக் குடைந்து பிராங்கோ ஒரு தேவாலயம் எழுப்பினான். மேலே 150 மீட்டர் உயரச் சிலுவை. கட்டியவர்களில் அரசியல் கைதிகளும் உண்டு. அங்கே 33,000க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் உள்ளன. தோற்றவர் பலரின் எலும்புகளும் குடும்பத்தாரைக் கேளாமலே அங்குக் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவை. நடுவில் பிராங்கோவின் கல்லறை! 2019 அக்டோபரில்தான் அவன் உடலை அங்கிருந்து அகற்றினர்.

சர்வாதிகாரி போன பின்னும் ஏன் இவ்வளவு தாமதம்? 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. சிறையிலிருந்த எதிர்ப்பாளர்கள் அதனால் வெளிவந்தனர். கொன்ற அதிகாரிகளுக்கும் அதுவே கவசமாயிற்று. பழம்புண்ணைக் கிளறாதீர் என்றனர். விசாரணையைத் தொடங்கிய கார்சோனே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தது. அவ்வழக்கில் 2012இல் அவர் விடுதலையானார்.

குழியைத் தோண்டியவர் பேரப்பிள்ளைகள். 2000இல் எமிலியோ சில்வா தம் தாத்தாவைத் தேடி, பிரியரான்சா டெல் பியேர்சோ என்னும் ஊரில் சாலையோரக் குழி ஒன்றைத் திறப்பித்தார். 1936இல் சுடப்பட்ட 13 பேர் அதில் கிடந்தனர். தாத்தா இன்னாரென்று டி.என்.ஏ. சோதனை உறுதி செய்தது. தேடும் பொறுப்பு அரசுடையது என்று சட்டம் சொன்னது 2022இல்தான்.

இந்த இடத்தில் நம் பாடம் குறுக்கிடுகிறது. பேரன்தான் இருக்கிறானே, ஒப்பிட்டால் தீர்ந்தது என்பீர்கள். மகன் வழிப் பேரனானால் தாத்தாவின் ஒய் குரோமோசோம் அவனிடம் இருக்கும். மகள் வயிற்றுப் பேரனிடம் அது இராது. தாய்வழியே மட்டும் இறங்கும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வும் அவனிடம் இருப்பது பாட்டியுடையது, தாத்தாவுடையது அன்று. மற்ற குரோமோசோம்களில் ஏறத்தாழக் கால்பங்கே தாத்தாவின் கொடை. எண்பது தொண்ணூறு ஆண்டு ஈரமண்ணில் நைந்த எலும்பில் அந்தக் கால்பங்கைப் படித்தறிவது எளிதன்று.

நல்ல சாட்சி, இறந்தவனின் உடன்பிறந்தவள். ஒரே தாயின் மைட்டோகாண்டிரியம் இருவரிடமும் உண்டு. ஆனால் 1936இல் பத்து வயதுச் சிறுமியாய் அண்ணனைப் பறிகொடுத்தவள் இன்று இருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பாள். அவள் போய்விட்டாலும் அவள் மகளிடமும், மகளின் மகளிடமும் அச்செய்தி இருக்கும். பெண்வழி அறாத வீடுகளை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.